உடையார்கட்டில் எங்கே நிற்பது?

பாரிஸில் வசிக்கும் என் தங்கையின் மகள், சில வாரங்களுக்கு முன்னர் தன் விடுமுறைத் திட்டம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். ஜூன் மாதத்தில் அவளும் கணவனும் கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவில் ஒன்பது இரவுகள் தங்கப் போகிறார்கள். இருவரும் மாதச் சம்பளக்காரர். வீட்டுக்கடன் கட்டுபவர்கள். எனவே ஒவ்வொரு யூரோவையும் எண்ணி எழுதியிருந்தாள். "மாமா, நீங்கள் பேப்பர்காரர். பிழை பிடிக்கிறது உங்கட தொழில். ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கீழே ஒரு குறிப்பு.

பார்த்தேன். பிழை பிடிக்க முடியவில்லை. மாறாக நான்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் தீவைத் தெரிவு செய்த விதம். சாந்தோரினியும் மிக்கோனோஸும் பெயர் பெற்றவை. ஆகவே விலையும் கூடியவை. நாக்சோஸ் அவற்றுக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் அது முதலில் விவசாயிகளின் தீவு. அதன் உருளைக்கிழங்குக்கும் பாற்கட்டிக்கும் நாடெங்கும் மதிப்பு உண்டு. தன் சோற்றைத் தானே விளைவிக்கும் ஊரில் சாப்பாடு மலிவு என்பது அவள் கணக்கு. அடுத்தது காலம். ஜூலையும் ஆகஸ்டும் ஐரோப்பா முழுவதும் விடுமுறை. அறை விலை உச்சத்தில் நிற்கும். போதாததற்கு மெல்ரெமி என்ற வடகாற்று ஏகியன் கடலில் அம்மாதங்களில் ஓங்கி வீசும். கப்பல்கள் தாமதிக்கும். சில நாட்களில் நின்றும் போகும். ஜூன் முற்பகுதியில் கடலும் அடங்கியிருக்கும், விலையும் அடங்கியிருக்கும். மூன்றாவது, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து போகும் கப்பல். விரைவுப் படகில் கட்டணம் கணிசமாக அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் சாதாரணக் கப்பலில் மேல்தட்டில் இருந்து கடல் பார்த்துக்கொண்டே போகலாம். அவள் சாதாரணக் கப்பலுக்கே பதிவு செய்திருந்தாள்.

அறைதான் முக்கியம். அவள் எடுத்தது ஹோட்டல் என்று சொல்லத்தக்க இடம் அல்ல. கரையிலிருந்து பத்து நிமிடம் உள்ளே நடக்கவேண்டிய ஒரு வீடு. கீழே உரிமையாளர் குடும்பம், மேலே வாடகைக்கு நான்கு அறைகள். ஒவ்வொன்றிலும் குளியலறை, சிறிய குளிர்சாதனப்பெட்டி, தேநீர் வைக்க ஓர் அடுப்பு. இருவருக்கும் சேர்த்து இரவுக்கு 45 யூரோ. 2024 முதல் கிரேக்க அரசு அறவிடும் காலநிலை நெருக்கடிக் கட்டணம் முன்பதிவு விலையில் அடங்காது, அங்கே போய்த் தனியே கட்டவேண்டும் என்பதையும் மறக்காமல் குறித்திருந்தாள். காலையுணவு இல்லை. பாணும் தக்காளியும் சந்தையில் வாங்கிக்கொள்வார்களாம்.

இத்தகைய அறைகளைக் கிரேக்கர்கள் 'டொமாத்தியா' என்கிறார்கள். 'அறைகள்' என்பதைத் தவிர அச்சொல்லுக்கு வேறு பொருள் இல்லை. இணையம் வருவதற்கு முன்னர், கப்பல் வந்து சேரும் வேளையில் வீட்டுக்காரர்களே, பெரும்பாலும் வீட்டுப் பெண்களே, அட்டையில் எழுதிப் பிடித்தபடி துறைமுகத்தில் நிற்பார்கள். முதுகில் பையோடு இறங்கும் பயணி விலை பேசிக்கொண்டு ஒருவர் பின்னால் போவான். ஏழைத் தீவுகள் பல இப்படித்தான் தலையெடுத்தன.

திட்டத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கேதான் எனக்குரிய கேள்வி இருந்தது.

"ஆகஸ்ட்டில ஊருக்கு வாறம் மாமா. உடையார்கட்டில அஞ்சு நாள் நிக்க விருப்பம். ஆனா பெரியம்மா வீட்டில நிண்டா அவவுக்குக் கரைச்சல். வேற எங்க நிக்கலாம்?"

ஈழத்துத் தமிழில் 'நிற்பது' என்றால் தங்குவது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் எந்த வீட்டில் இறங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். நான் பிறந்து வளர்ந்த ஊர் உடையார்கட்டு. முப்பதாண்டுகளாகச் செய்தி எழுதுபவன் நான். ஆயினும் அந்த ஒரு வரிக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

*

ஊரை அறியாதவர்களுக்குச் சிறு அறிமுகம். ஏ-9 வீதியில் பரந்தனிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்குப் பிரியும் வீதி ஏ-35. விசுவமடுவைத் தாண்டினால் உடையார்கட்டு. அதற்கப்பால் வள்ளிபுனம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு. குளமும் வயலும் தென்னையும் உள்ள ஊர். குளத்தை நம்பி நெல், மழையை நம்பி மேட்டுப்பயிர், வீட்டுக்கு வீடு மாடு.

உலகத்துக்கு இந்த ஊரின் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரிந்தது. 2009 ஜனவரி 21 அன்று அரசாங்கம் அறிவித்த முதலாவது 'பாதுகாப்பு வலயம்' உடையார்கட்டையும் சுதந்திரபுரத்தையும் அண்டிய பகுதிதான். பாதுகாப்பு என்று நம்பி வந்த சனத்தின் மீது எறிகணை விழுந்தது. தற்காலிக மருத்துவமனையும் தப்பவில்லை. நான் அப்போது கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். என் ஊரின் பெயரை நானே தலைப்பில் இட்டேன். அந்த ஜனவரியில்தான் என் அக்கா தன் கணவரை இழந்தார்.

பின்னர் மெனிக் பாம் முகாம். அதன் பின்னர் மீள்குடியேற்றம். அக்காவுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்ட திட்டம் அது. பொருள் விலை ஏறிய காலத்தில் அத்தொகை கூரை வரை போதாமல் கடன்பட்டுக் கட்டி முடித்தவர்கள் வன்னியில் ஏராளம். அக்காவும் அவர்களுள் ஒருவர்.

மருமகள் 'கரைச்சல்' என்று எழுதினாளே, அதன் முழு அளவை அவள் அறியாள். அறிந்தவன் நான். இதுவரை எவருக்கும் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று ஐரோப்பாவிலிருந்து வந்து அக்கா வீட்டில் ஒன்பது நாள் நின்றது. நல்ல மனிதர்கள். அன்போடுதான் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அக்கா வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டினார். பிள்ளைகளால் குந்தியிருக்க முடியாது என்று கொமேட் வைத்தார். காற்றாடி வாங்கினார். மெத்தை வாங்கினார். வந்த பிறகு நாளுக்கொரு கோழி, ஆட்டிறைச்சி, நண்டு, இறால், பெட்டி பெட்டியாகப் போத்தல் தண்ணீர். போகும்போது அவர்கள் சொக்லேட்டும் வாசனைத் திரவியமும் உடுப்புகளும் கொடுத்துவிட்டுக் கண்கலங்கிப் புறப்பட்டார்கள். அவர்கள் போன மறுவாரம்தான் எனக்குத் தெரியவந்தது, அக்காவின் இரண்டு காப்பும் அடைவில் இருக்கின்றன என்பது. காணாததற்கு நுண்கடன் நிறுவனம் ஒன்றிடமும் வாங்கியிருந்தார். ஒவ்வொரு கிழமையும் கடன்காரர் படலையில் வந்து நின்றார்கள். போருக்குப் பின்னர் வன்னிப் பெண்களை நுண்கடன் எப்படி நெரித்தது என்பதை நான் பத்திரிகையில் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். என் அக்காவின் கடனுக்குக் காரணம் விருந்தோம்பல் என்பதை எழுதத் துணியவில்லை.

"அவையள் காசு தர நீட்டினவை, தம்பி. நான்தான் வாங்கேல்ல. வந்த சனத்திட்டக் காசு வாங்கிறதோ? ஊர் என்ன கதைக்கும்?" என்றார் அக்கா.

அந்த உறவினர் ஹோட்டல் ஒன்றில் நின்றிருந்தால் அதே ஒன்பது நாட்களுக்கு முகம் சுளிக்காமல் கட்டணம் கட்டியிருப்பார்கள். வாங்குவதற்கு அக்காவுக்குக் கூச்சம். வற்புறுத்துவதற்கு அவர்களுக்குக் கூச்சம். இரண்டு கூச்சங்களுக்கும் நடுவில் இரண்டு காப்புகள் போயின.

*

இனி ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியோரம் விடுதிகள் உண்டு. அங்கே தங்கி, பஸ் பிடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்து உடையார்கட்டுக்கு வரலாம். வந்து, பார்த்து, மாலை பஸ்ஸில் திரும்பிவிடலாம். அதற்குப் பெயர் பார்வையிடல். நிற்பது அன்று.

பார்வையிட்டுப் போனவர்களை எங்கள் வீதி நிறையவே கண்டிருக்கிறது. போர் முடிந்த பின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் ஏ-35 வழியே வந்தது. புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் பயன்படுத்திய நிலக்கீழ் வீட்டைப் பார்த்தார்கள். 2013 ஒக்டோபரில் இராணுவம் அதைத் தகர்க்கும் வரை அது காட்சிப்பொருளாக இருந்தது. கரைதட்டி நின்ற 'ஃபரா 3' கப்பலைப் பார்த்தார்கள். வெற்றித் தூபியின் முன் படம் எடுத்தார்கள். தேநீர் குடித்தது பெரும்பாலும் இராணுவம் நடத்திய வீதியோரக் கடைகளில். நந்திக்கடலோரம் இராணுவமே ஒரு விடுமுறை விடுதியையும் கட்டி நடத்தியது. காங்கேசன்துறையில் தரைப்படையின் விடுதி, காரைநகரில் கடற்படையின் கோட்டை விடுதி என்று வடக்கெங்கும் அந்த வரிசை நீண்டது. சொந்தக் காணியைக் கேட்டுக் கேப்பாப்புலவு மக்கள் 2017 இல் வீதியில் குந்தியிருந்த நாட்களில், சில மைல்களுக்கப்பால் அதே நந்திக்கடலைப் பார்த்தபடி விருந்தினர் அறைகள் இருந்தன. விருந்தினர் வந்தார்கள். ஆனால் விருந்தோம்பியவர் அந்த மண்ணின் மனிதர் அல்லர். இந்த வேறுபாடு சிறியது என்று நான் எண்ணவில்லை. யார் கதவைத் திறந்து 'வாருங்கள்' என்று சொல்கிறாரோ, அவரே அந்த இடத்துக்குரியவர் என்று வந்தவன் எண்ணிக்கொண்டு போகிறான்.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வன்னிக்கு வேண்டியது நட்சத்திர விடுதி அல்ல. வாடகைக்கு ஓர் அறை. ஊரவர் வீட்டில், ஊரவர் விலையில், வெளிப்படையாக எழுதி வைத்த கட்டணத்தில், உறவினரும் கட்டிவிட்டு நிற்கக்கூடிய ஓர் அறை.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை, மருமகள் போகும் நாட்டிலேயே இருக்கிறது. லெஸ்வோஸ் தீவில் பெட்ரா என்ற சிறிய ஊர். 1983 இல் அவ்வூர்ப் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் ஓரிரு அறைகளைப் பயணிகளுக்கு ஒதுக்கினாள். சங்கத்தின் மூலம் அறைகள் வாடகைக்கு விடப்பட்டன. சங்கமே உணவகம் ஒன்றையும் நடத்தியது. தன் பெயரில் ஒரு வருமானம் என்பதே அறியாத கிராமத்துப் பெண்கள் அவர்களுள் பலர். அந்நாட்டின் பெண்கள் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அது முன்னோடியாயிற்று.

கிரேக்கம் எப்போதும் செல்வந்த நாடாக இருந்ததில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். நாசிகளின் ஆக்கிரமிப்பில் பஞ்சம், அதையடுத்து 1949 வரை உள்நாட்டுப் போர், பின்னர் ஜெர்மனிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கூட்டம் கூட்டமாகப் புலம்பெயர்வு. 1960 இல் ஜெர்மனியுடன் ஒப்பந்தம் செய்தே தொழிலாளரை அனுப்பினார்கள். கோடையில் ஊர் திரும்பியவர்களையும் உடன் வந்த அந்நியரையும் அந்தச் சிறிய அறைகள் தாங்கின. நம் கதைக்கும் அவர்கள் கதைக்கும் வேறுபாடு நிறைய உண்டு. ஆனால் போன பிள்ளைகள் ஆகஸ்டில் வந்து நிற்பதற்கு இடம் தேடுவது இரண்டிலும் ஒன்றே.

*

இரண்டு ஆட்சேபங்கள் எழும் என்று எனக்குத் தெரியும்.

முதலாவது: பிணங்கள் விழுந்த மண்ணில் விடுதித் தொழிலா? நியாயமான கேள்வி. இதற்கும் கிரேக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. ஏதென்ஸுக்குக் கிழக்கே லாவ்ரியோ துறைமுகத்துக்கு நேரெதிரே மக்ரோனிசோஸ் என்றொரு நீண்ட மொட்டைத் தீவு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இடதுசாரிகளை அடைத்துச் சித்திரவதை செய்த முகாம் அங்கேதான் இருந்தது. 1989 இல் கிரேக்க அரசு அத்தீவை வரலாற்று நினைவிடமாக அறிவித்தது. அங்கே ஹோட்டல் இல்லை. எதிரே லாவ்ரியோவிலோ மனிதர் வாழ்கிறார்கள், அறை வாடகைக்கு விடுகிறார்கள், மீன் பொரிக்கிறார்கள். முள்ளிவாய்க்கால் மணலில் ஒரு கல்லும் வைக்கவேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஆனால் அக்கா வீடு கல்லறை அன்று. ஒரு பெண் பதினைந்தாண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டு மீண்டும் எழுப்பிய வீடு. மே 18 அன்று தூர இடங்களிலிருந்து நினைவேந்தலுக்கு வருகிறவர்களும் அன்றிரவே திரும்பி ஓடுகிறார்கள். ஓரிரவு நின்று, அந்த மண்ணில் வாழ்கிறவரோடு இருந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனால் நினைவுக்குக் குறை வந்துவிடுமா?

இரண்டாவது: இன்று அறை, நாளை சாந்தோரினி என்பது. அந்த அச்சமும் பொய்யன்று. கப்பல் பயணிகளின் நெரிசல் தாங்காமல் 2025 ஜூலை முதல் சாந்தோரினியிலும் மிக்கோனோஸிலும் இறங்குகிற ஒவ்வொருவரிடமும் உச்சக் காலத்தில் 20 யூரோ அறவிடத் தொடங்கினார்கள். ஆனால் ஊரைத் தின்றது நான்கு அறை வைத்த வீட்டுக்காரி அல்ல. பெருமுதல் போட்டு மலையைக் குடைந்து கட்டியவர்களும் மிதக்கும் நகரம் போன்ற கப்பல்களும்தான். புலம்பெயர்ந்த அன்பர் ஒருவர் என்னிடம், புதுக்குடியிருப்பில் நீச்சல் தடாகத்தோடு ஐம்பது அறை ஹோட்டல் கட்டும் எண்ணம் உண்டு என்றார். அந்தப் பணத்தில் ஐம்பது வீடுகளில் ஒவ்வோர் அறையைத் திருத்தலாமே என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். ஐம்பது அறைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஐம்பது வீட்டு அறைகளில் தன் பெயரை எங்கே எழுதுவது என்பது அவர் சிக்கலாக இருக்கலாம்.

சரி, செய்யவேண்டியது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு வகைகளில் வீட்டோடு தங்கும் இடம் என்ற வகை ஏற்கெனவே உண்டு. பத்துப் பெண்கள் சேர்ந்தால் நம்மூர்க் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கீழேயே அதை நடத்தலாம். அறைக்கு வேண்டியவை: பூட்டக்கூடிய கதவு, சுத்தமான குளியலறை, நுளம்புவலை, காற்றாடி, வடிகட்டிய குடிநீர். இவற்றுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். அறைக்கு இவ்வளவு, காலைப் புட்டுக்கு இவ்வளவு, மதியச் சோற்றுக்கு இவ்வளவு என்று சுவரில் எழுதி மாட்டவேண்டும். எழுதிவிட்டால் கேட்கும் கூச்சமும் இல்லை, கொடுக்கும் கூச்சமும் இல்லை. விலை எல்லோருக்கும் ஒன்றே, கொழும்பிலிருந்து வந்தாலும் ரொறன்ரோவிலிருந்து வந்தாலும்.

வருகிறவர்களுக்கும் ஒரு சொல். நாக்சோஸுக்குப் போகும்போது எத்தனை கேள்வி கேட்கிறீர்களோ அத்தனையையும் ஊருக்கு வரும்போதும் கேளுங்கள். எங்கே படுப்பது, யார் சமைப்பது, யார் கணக்கில் என்று முன்கூட்டியே பேசுங்கள். காலத்தையும் பாருங்கள். ஆகஸ்ட் வன்னியில் வெயிலும் புழுதியும். கார்த்திகையும் மார்கழியும் வெள்ளம். தை பிற்பகுதியிலிருந்து வந்தால் குளம் நிரம்பியிருக்கும், வயலில் அரிவு வெட்டு நடக்கும், புது அரிசிச் சோறு கிடைக்கும். ஆகஸ்ட்டில்தான் விடுமுறை என்றால் ஆகஸ்ட்டிலும் வாருங்கள். ஆனால் உறவு என்ற பெயரில் ஒரு விதவையின் காப்பில் நின்றுவிட்டுப் போகாதீர்கள்.

*

மருமகளுக்கு இவ்வளவையும் எழுதவில்லை. அக்காவோடுதான் முதலில் பேசினேன். இரண்டு மணி நேரம் தொலைபேசியில் வாதாடினோம். கடைசியில், "அவள் என்ர பிள்ளை. அவளிட்ட வாங்கமாட்டன். வேணுமெண்டால் அவளோட வாற சிநேகிதப் பிள்ளையளிட்ட வாங்கிறன்" என்றார்.

மருமகளோடு பாரிஸிலிருந்து இரண்டு தோழிகளும் ஆகஸ்ட்டில் வருகிறார்கள். அவர்களுக்கு அந்தக் குளியலறையோடு சேர்ந்த அறை. மருமகளும் கணவனும் விறாந்தையில். இரவுக்கு என்ன விலை என்று அக்கா கேட்டார். ஒரு தொகை சொன்னேன். "அவ்வளவோ?" என்று திகைத்தார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். கணக்குப் பார்க்கிறார் என்று விளங்கிற்று.

விலையைச் சுவரில் எழுதி மாட்டச் சொல்லியிருக்கிறேன். இன்னும் எழுதவில்லையாம். ஆகஸ்டுக்குள் எழுதுவார் என்று நம்புகிறேன்.